வெட்டினவர் வந்து பார்க்கட்டும்

கவ்வாத்து வெட்டியவர் திரும்பிப் போய் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் சட்டம் கிடையாது. அவர் போய்ப் பார்த்தார்.

இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டினால்தான் செடி புதிதாகத் துளிர்க்கும். வெட்டுகிற ஆட்கள் ஒரு மலையை முடித்ததும் அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். பழைய மலை என்ன ஆனதென்று ஒருவரும் கேட்பதில்லை. இவர் மட்டும் இரண்டு மூன்று மாதம் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, தான் வெட்டிய மலைக்கு ஏறுவார். தன் நிரையில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்ப்பார். துளிர்த்த செடியிடம் அவருக்கு வேலை இல்லை. காய்ந்து நின்றதன் முன்னால்தான் நிற்பார்.

"இது நான் கொன்னது" என்பார். பிறகு அடுத்ததற்குப் போவார்.

நான் ஒரு தடவை கூடப் போனேன். போக வேறு இடம் இல்லாத நாள்.

"அண்ணே, மழ இல்லாமக் காஞ்சிருக்கும். அதுக்கு நீங்க என்னா செய்வீங்க?"

"மழ இல்லன்னு தெரிஞ்சுதானே தம்பி வெட்டுனேன்."

"தொரதானே வெட்டச் சொன்னாரு?"

"தொர சொன்னாரு. கத்தி யாரு கையில இருந்துச்சி?"

நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் கடை எச்சில் எடுத்தேன், பஸ்ஸில் டிக்கட் கிழித்தேன், எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு மலைக்கு வழி காட்டினேன், லொறி ஓட்டினேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் தாண்டி இருந்ததில்லை. போன இடத்தைத் திரும்பிப் பார்க்கிற பழக்கமும் எனக்கு இல்லை. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், என் சின்னம்மாவின் அறையில் பத்து மாதம் கிடந்தேன். அடுத்த அறை அவருடையது. நடுவில் இருந்தது தலைக்கு மேல் ஒரு முழம் உயரச் சுவர். அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

கங்காணி அவரைக் கண்டால் விடமாட்டார். "என்னாங்க, செடிக்கெல்லாம் சொகமா? காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?" என்பார். அவர் சிரிக்காமல், "ஒம்பது செடி போயிருச்சிங்க" என்று பதில் சொல்வார். கங்காணிக்குத்தான் முகம் சுருங்கும்.

இந்தப் பழக்கம் செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லயத்தில் கலியாணம், திருநாள் என்றால் ஆண்களுக்கு முடி வெட்டுவதும் அவர்தான். ஒரு கலியாணத்துக்கு முதல் நாள், கோடி வீட்டு மனிதர் ஒருவருடைய காதில் கத்தரிக்கோல் பட்டுவிட்டது. சின்னக் கீறல். அந்த மனிதர் அப்போதே மறந்துவிட்டார். இவர் மறக்கவில்லை. மறுநாள் காலை தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவப் போன மனிதரை நிறுத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். மூன்றாம் நாள் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், எல்லாருக்கும் முன்னால் போய்ப் பார்த்தார்.

"யோவ், காதக் கழட்டியே குடுத்துர்றேன்யா. வீட்டுல வச்சுப் பாத்துட்டு ஆறுனதும் கொண்டாந்து குடு!"

பெரட்டுக்களமே சிரித்தது. இவர், "இன்னும் ஒரு நாள்ல ஆறிரும்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவரும் மகளும். மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினைந்து. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தலசீமியா. உடம்பு தானாக நல்ல இரத்தம் ஊறவைக்காது. மாதம் ஒரு தடவை பதுளைக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றிய பிறகு இரண்டு வாரம் பள்ளிக்கூடம், சிரிப்பு, சண்டை எல்லாம் இருக்கும். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வருவாள்.

"எனக்கு மாசம் ஒருக்கா பெட்ரோல் அடிக்கணும் சித்தப்பா. உங்க லொறி மாதிரிதான்" என்று என்னிடம் சொல்வாள்.

இரத்தம் ஏற்றும் நாளில் அவர் வேலைக்குப் போகமாட்டார். பஸ்ஸில் மகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் தான் ஓரத்தில் நிற்பார். அப்போதெல்லாம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின்னால் அவரை மடையன் என்று சொன்னவர்கள் உண்டு.

நான் கூலிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த நேரம், அந்த வேனில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிற ஒரு பேராசிரியர், கூட இரண்டு பேர், குளிர்ப்பெட்டிகள். இந்த நோய் இருக்கிற குடும்பங்களின் இரத்தம் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தமிழ் பேசுவதற்காகக் கூட்டி வந்த பெண், மலைப் பாதையில் வாந்தி எடுத்து எடுத்துச் சீட்டில் சாய்ந்துவிட்டாள். "உனக்கு ஆங்கிலம் வருமே, நீயே சொல்லிவிடு" என்று பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். என் இங்கிலீஷ், வெள்ளைக்காரருக்கு அருவி காட்டிய இங்கிலீஷ். அது அவருக்குத் தெரியும். வழி முழுவதும் என்னோடு பேசிக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் ஆட்களைக் கூட்டினார்கள். பேராசிரியர் சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. எனக்கும்தான். உடம்புக்குள்ளே நம்மை எப்படிக் கட்டுவதென்று ஒரு எழுத்து இருக்கிறது, இந்தக் குடும்பங்களில் அதில் ஓர் இடம் பிழை, இப்போது அந்தப் பிழையை வெட்டித் திருத்துகிற கத்தரிக்கோல் விஞ்ஞானிகளிடம் இருக்கிறது, வெளிநாடுகளில் சிலருக்குக் குணமாகியும் இருக்கிறது என்று சொன்னார். எல்லாம் உண்மைதான். அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

என்னிடம் தந்த தாளில் "மரபணுத் திருத்தம்" என்று இருந்தது. வாசித்தேன். முகங்களில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து கொழுந்தெடுத்து, தலையில் சாக்குப் போட்ட அடையாளம் மாறாமல் வந்து உட்கார்ந்த முகங்கள். இன்னொரு தடவை வாசித்தேன். அப்போதும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"அதாவதுங்க, கவ்வாத்து மாதிரி."

மடுவத்துக்கு உயிர் வந்துவிட்டது. "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னா!" என்றாள் ஒரு பெண். "கெட்டத வெட்டுறது, அப்பறம் நல்லது துளிர்க்கும். அதானே?" என்றார் இன்னொருவர். பேராசிரியர் என்ன சொன்னாய் என்று கேட்டார். விளக்கினேன். அவருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்தது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பின்வரிசையில் ஸ்டெல்லாவின் தகப்பன் எழுந்து நின்றார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"வெட்டுறவங்க திரும்ப வந்து பாப்பாங்களா?"

நான் இங்கிலீஷில் சொன்னேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "கட்டாயம்" என்றார். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன்.

அவர் முன்னால் வந்து படிவத்தில் கையெழுத்து வைத்தார். அவருக்கும் ஸ்டெல்லாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

பெட்டிகளை வேனில் ஏற்றும்போது எனக்கு மனது சரியில்லை. "சேர், கவ்வாத்து வெட்டினால் மூன்று மாதத்தில் கட்டாயம் துளிர்க்கும் என்று இவர்களுக்குத் தெரியும். அப்படியே நினைத்துவிடுவார்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு, "நல்ல உவமை அது. இப்போது போய்க் குழப்ப வேண்டாம்" என்றார். வேனைக் கிளப்பினேன்.

நானும் அதோடு போய்விட்டேன். எல்லவுக்கு, அங்கிருந்து வெல்லவாயப் பக்கம் லொறிக்கு. மூன்று மாதம் நெருங்கும்போது சின்னம்மாவைப் பார்க்க வந்தேன். ஸ்டெல்லா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஸ்டெல்லா சாக்குக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராதாம். உதடும் முகமும் ஒரே நிறம்.

"பெட்ரோல் அடிக்கலியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "துளிர் வரணும் சித்தப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவர் அடுப்படியிலிருந்து வந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"ரெண்டு தடவ போகல தம்பி. வெட்டுன செடியில துளிர் வர்ற வரைக்கும் கை வைக்கக் கூடாதுல்ல? கை வச்சா செத்துரும். புள்ளைக்கு நடுவுல வேற ரத்தத்த ஊத்துனா வெட்டுனது வீணாப் போயிருமேன்னு... இன்னிக்கி நாளைக்கித் துளிர்த்துரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

கவ்வாத்து வெட்டுகிற மனிதனுக்கு மட்டும் வரக்கூடிய பிழை. கொழுந்து எடுக்கிறவருக்குக்கூட வந்திருக்காது. தன் தொழிலில் அவர் அவ்வளவு சுத்தமான ஆள்.

"அண்ணே, அவங்க எதையும் வெட்டலண்ணே. ரத்தத்தப் பாக்கறதுக்குத்தான் கொண்டு போனாங்க. அது மருந்து இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். போர்வையோடு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ரோட்டில் ஒரு ஓட்டோவை மறித்தேன். பதுளை வரைக்கும் அவளுடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கத்தினார். "ரெண்டு மாசமா ஏன் கொண்டு வரல்ல? இந்தப் புள்ளைய சாகடிக்கவா பாத்தீங்க? யாரு நிப்பாட்டச் சொன்னது?"

பக்கத்தில் நான் நின்றேன். என்னைக் காட்டியிருக்கலாம். குளிர்ப்பெட்டிக்காரர்களைச் சொல்லியிருக்கலாம். அவர், "நான்தான் நிப்பாட்டுனேன்" என்றார்.

ஸ்டெல்லா பிழைத்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மேடு இல்லாத இடம் எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது?

பேராசிரியருக்கு நான் செய்தி அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. கேள்விப்பட்டு வருந்துகிறார், பிள்ளை குணமாக வேண்டுகிறார், இது சிகிச்சை அல்ல என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, அன்றைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் செய்த ஏற்பாடு, அதற்குக் குழு பொறுப்பாகாது. கூடவே மூன்றாம் பக்கத்தின் படம். தெளிவு எப்படி இருந்தது என்றால், "இவ்வாய்வில் பங்குபற்றுவதன் மூலம் தங்களுக்கு நேரடியான சிகிச்சைசார் அனுகூலம் எதுவும் கிடைக்கப்பெறமாட்டாது." நான்கு தடவை வாசித்தேன். இதை எழுதத் தெரிந்தவருக்கு "இது மருந்து இல்லை" என்று எழுத ஏன் முடியவில்லை? மூன்று சொல். முடியாமல் இல்லை. அந்த மூன்று சொல்லையும் பிள்ளை மடுவத்தில் சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

படத்தை ஸ்டெல்லாவின் தகப்பனிடம் காட்டினேன். "பழி என் தலையிலண்ணே" என்றேன்.

"ஆமா தம்பி. வார்த்த உங்களுது. சொல்லிப்புட்டு நீங்களும் போயிட்டீங்க. நம்புனது நான். நிப்பாட்டுனது நான்." படத்தை என் பக்கம் திருப்பினார். "அவரு பங்கு எங்க?"

என்னை விட்டுவிட அவர் தயாராக இல்லை. தன்னையும் விடவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. உயிரின் எழுத்தில் கை வைக்கிற கத்தியை மனிதன் இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறான். அதைப் பிடித்திருப்பவர்கள் எவ்வளவோ படித்தவர்கள். எவ்வளவு நுணுக்கமாக வெட்டலாம் என்று அவர்கள் அறிந்த அளவுக்கு எனக்குக் கனவுகூட வராது. ஆனால் பிழையானால் யார் வீட்டுப் படி ஏறுவது என்று கேட்டால், மூன்றாம் பக்கத்தைக் காட்டுகிறார்கள்.

அந்த வருடக் கடைசியில் பண்டாரவளையில் ஒரு ஓட்டலில் பேராசிரியர் பேச வருகிறார் என்று அங்கே வேலை செய்கிற ஒரு பையன் சொன்னான். அதை ஸ்டெல்லாவின் தகப்பனிடம் சொன்னேன்.

"அவரு வந்து பாக்கறேன்னுதானே சொன்னாரு? வர வழி தெரியல போல. நாம கொண்டு போயிக் காட்டுவோம்" என்றார்.

கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. ஸ்டெல்லாவுக்குக் கிறிஸ்மஸ் சட்டை. பஸ் நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு ஏற்றம். நாலு இடத்தில் உட்காரவைத்து உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். மண்டபத்தின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். சுவரில் பெரிதாகத் தேயிலைச் செடியின் படம். அதற்குக் கீழே, இங்கிலீஷ் எழுத்தில், கவ்வாத்து. சபை சிரித்துக் கை தட்டிக்கொண்டிருந்தது.

தேநீர் இடைவேளையில் பேராசிரியர் வெளியே வந்தார். என்னை அடையாளம் தெரிந்து கை கொடுத்தார். இவரைத் தெரியவில்லை. ஊரையும் நோயையும் சொன்னதும், ஆய்வில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த இலக்கம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "மிக அபூர்வமான இரத்தம் இவர்களுடையது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

"என்னா சொல்றாரு?"

"உங்க ரத்தம் அபூர்வமாம்."

"புள்ளையப் பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். பேராசிரியர் ஸ்டெல்லாவைப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று புன்னகைத்தார். பதிலுக்கு நிற்காமல் என் பக்கம் திரும்பி, நல்ல நேரத்தில் வந்திருக்கிறார்கள், இரண்டாவது மாதிரி தேவைப்படுகிறது, கீழே அறையில் ஊசி எல்லாம் இருக்கிறது, பத்து நிமிட வேலை என்றார்.

ஸ்டெல்லாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். "மொத எடுத்தது என்னாச்சுன்னு கேளுங்க சித்தப்பா."

கேட்டேன். பத்திரமாக இருக்கிறதாம். கடுங்குளிரில், கரண்ட் போனாலும் கெடாத பெட்டியில், எத்தனையோ வருடம் அப்படியே இருக்குமாம்.

"பரவால்ல. அதுவாவது மேடு ஏறாம இருக்கு" என்றாள்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, இப்ப நான் சொல்றத மாத்தாமச் சொல்லுங்க. இது செடி இல்ல, புள்ளன்னு சொல்லுங்க. எனக்கும் அது தெரியாமத்தான் போச்சு. ரெண்டு மாசம் தெரியாம இருந்தேன். அப்பறம் தெரிஞ்சிருச்சு. அவருக்கு எப்பத் தெரியும்னு கேளுங்க."

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை. பேராசிரியர் கேட்டார். கண் கலங்கியது போலக்கூட இருந்தது. உள்ளே மணி அடித்தது. ஆட்கள் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"அருமையான வார்த்தை. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

பேராசிரியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். தகப்பனும் மகளும் வாசல் படியில், அடுத்த படி இறங்குவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க தம்பி" என்று அவர் கூப்பிட்டார். "காலையில பதுளைக்குப் போகணும்."